ஒப்பமில்லாத விமானம்

கொம்பனித்தெரு விமானங்களுக்குப் பெயர்பெற்ற இடமன்று. பேர வாவியும் ரயில் நிலையமும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் மலாய்ப் படையினரின் நினைவைத் தாங்கிய தெருக்களும் நெருங்கிக் கிடக்கும் அப்பகுதியின் வரலாற்றுக்குள் சிறு விமானம் ஒன்று நுழைந்தது ஓர் இரவில்தான். 2009 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில், கொழும்பு நோக்கி வந்த விடுதலைப் புலிகளின் இரு ஸ்லின் 143 விமானங்களில் ஒன்று, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. (சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தமிழரின் பெயர் கொண்ட வீதி அது.) கட்டடத்தில் இருவர் உயிரிழந்தனர். 40 இற்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மற்றைய விமானம் கட்டுநாயக்காவுக்கு அருகில் வீழ்த்தப்பட்டது.

விமானிகளைப் பற்றி அந்நாட்களில் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் ஏராளமாக எழுதப்பட்டது. போற்றியும் தூற்றியும் எழுதினார்கள். அவ்விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் அரிது. எனக்கோ அதுவே பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது.

சிறு விமானம் ஒன்றின் வாழ்க்கை வரலாறு அதன் பதிவேடுகளில் இருக்கிறது. உடற்பகுதிக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று, சுழலிக்கு ஒன்று என அவை தனித்தனியே பேணப்படுவது வழக்கம். ஒவ்வொரு பறப்பின் நேரமும் அவற்றில் கூட்டப்பட்டு வரும். ஸ்லின் 143 செக் நாட்டில் கட்டப்பட்ட நான்கு இருக்கை விமானம். அதன் இயந்திரம் 235 குதிரைவலு கொண்ட அமெரிக்க லைக்கோமிங். இவ்வகை இயந்திரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். பழைய எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்து, உலோகத் துகள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். 100 மணி நேரத்தில் விரிவான பரிசோதனை. ஏறத்தாழ 2000 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தல். ஒவ்வொன்றின் கீழும் அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளர் ஒருவரின் ஒப்பமும் இலக்கமும் இருக்கும். அந்த ஒப்பம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான விமானமும் கொட்டகையைவிட்டு வெளியேறலாகாது.

இது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் அன்று. 1935 நவம்பர் 27 இல் இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கியது சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'புஸ் மொத்' விமானம். அந்த வகை விமானங்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவுஸ்திரேலியா முதற்கொண்டு பல இடங்களில், நடுவானிலேயே இறக்கை முறிந்து வீழ்ந்திருந்தன. விபத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே இறக்கையின் தாங்குகோலில் பலவீனம் இருப்பது தெரிந்து, அது வலுப்படுத்தப்பட்டது. 1944 சிகாகோ உடன்படிக்கை, சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானம் பதிவுச் சான்றிதழையும் பறப்புத் தகுதிச் சான்றிதழையும் பயணப் பதிவேட்டையும் சுமந்தே செல்ல வேண்டும் என விதித்தது.

வன்னி விமானங்கள் இந்த ஒழுங்குக்கு வெளியே பறந்தவை. இலங்கையின் 4ஆர் குறியை அவை தாங்கியதில்லை. பகுதி பகுதியாகக் கொண்டுவரப்பட்டுப் பொருத்தப்பட்டவை என்பது பரவலான நம்பிக்கை. வான்புலிகளைக் கட்டியெழுப்பியவராகக் கூறப்படும் கேணல் சங்கர் (வைத்திலிங்கம் சொர்ணலிங்கம்) வானூர்திப் பொறியியல் கற்று எயார் கனடாவில் பணிபுரிந்தவர். விமானத்தைப் பறக்கவைப்பது ஓட்டுநரின் கையில் மாத்திரம் இல்லை என்பதை நன்கறிந்த ஒருவர். எனினும் அவர் 2001 செப்டெம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். 2007 மார்ச் 26 கட்டுநாயக்கத் தாக்குதலிலிருந்து கொம்பனித்தெரு வரையான ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவ்விமானங்களைப் பேணியவர்கள் வேறு யாரோ.

அது இலகுவான வேலையன்று. பறக்கும் இயந்திரத்தைவிடப் பறக்காத இயந்திரமே விரைவில் கெடும். லைக்கோமிங் இயந்திரத்தின் வால்வுகளை இயக்கும் தண்டு மேற்பகுதியில் இருப்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து இறங்கி, ஈரக்காற்றில் அத்தண்டு துருப்பிடிக்கும். மறைத்து வைக்கப்பட்டு எப்போதாவது ஓர் இரவில் மட்டும் வெளியே எடுக்கப்படும் விமானத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. விமானப் பெற்றோலும் உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்டிருந்த நிலத்தில், குண்டுவீச்சுக்கு நடுவே, யாரோ சிலர் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள், தீப்பொறிச் செருகிகளைத் துடைத்திருக்கிறார்கள். அந்தத் திறமை இருவர் உயிரைக் குடித்த இடத்தில் வந்து முடிந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவர்கள் பதிவேடு பேணியிருந்தால், போரின் இறுதி மாதங்களில் எரிந்தோ புதைந்தோ போயிருக்கும். பேணியிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் மணிக்கணக்கு இல்லாமல் இயந்திரம் எதையும் நம்பி வானில் ஏற்ற முடியாது. பயிற்சிக்கு எத்தனை மணி, தாக்குதலுக்கு எத்தனை மணி, கடைசி இரவுக்கு முன் வடிகட்டியை வெட்டிப் பார்த்தவர் யார் என்பவையெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்திருக்கும். திரும்பி வராத பறப்புக்கும் அவர் வழமைபோல எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்.