வில்லியனூர், பாகூர், உணவுக்குழாய்: மரபணு சொல்லாத சாட்சி

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒரு வீட்டில் யாருக்காவது உணவுக்குழாய்ப் புற்று என்று தெரிந்தால், அதற்கு முன் சில மாதங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் சோறு இறங்கவில்லை. தண்ணி குடிச்சு குடிச்சு சாப்பிட்டார். பிறகு இட்லி, பிறகு கஞ்சி மட்டும். உடம்பு பாதியானது. "கேஸ் டிரபிள்" என்று மாத்திரை வாங்கிப் போட்டார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. உடனே வீட்டில் கிளம்பும் கேள்வி: "எங்க வம்சத்துலயே யாருக்கும் இது கிடையாதே?" செல்போன் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாக்கணுமா?"

இரண்டு கேள்வியிலும் இருப்பது ஒரே குழப்பம்தான். மரபணு என்றால் பரம்பரை என்று நினைத்துக்கொள்கிறோம். புற்றுநோயில் மரபணு கெட்டுப்போவது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது அப்பா அம்மா கொடுத்த மரபணு அல்ல. பிறந்த பிறகு, அந்தக் குழாயின் உள்படலத்து செல்லில், வாழ்ந்த வாழ்க்கையில் கெட்டது. இந்த வித்தியாசத்தை ஆராய்ச்சியாளர்கள் பிரித்தறிந்த வரலாறு சுவாரசியமானது. அதில் ஒரு எதிர்பாராத திருப்பமும் இருக்கிறது.

பரம்பரைக் கதை முழுப் பொய்யும் அல்ல. 1958இல் இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்தில் இரண்டு குடும்பங்களைப் பற்றி ஹவெல்-எவன்ஸ் குழுவினர் எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும். அப்படித் தடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உணவுக்குழாய்ப் புற்று வந்தது. காரணமான மரபணு (ஆர்.எச்.பி.டி.எஃப்.2) 2012இல்தான் பிடிபட்டது. உலகத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. நம்மூர் நோயாளிகளுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தம் கிடையாது.

சம்பந்தம் உள்ள மரபணு வேறு: டிபி53. செல் கெட்டுப்போனால் அதை நிறுத்தி வைக்கும் காவல்காரன். மனித உணவுக்குழாய்ப் புற்றில் இது அடிக்கடி பழுதாகியிருக்கிறது என்று 1990இல் ஹால்ஸ்டீன் குழுவினர் காட்டினார்கள். அப்போது ஒரு பெரிய நம்பிக்கை பிறந்தது. புகையிலைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி என்று ஒவ்வொரு விஷமும் மரபணுவில் தன் கைரேகையை விட்டுப்போகும். ரேகையைப் படித்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும் என்று.

இந்த நம்பிக்கை ஏன் இத்தனை முக்கியம் என்றால், உணவுக்குழாய்ப் புற்று இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும் நோய். ஈரானில் காஸ்பியன் கடலோரத்தின் கிழக்கு மூலையில் ஏராளம். அதே கரையில் சில நூறு கிலோமீட்டர் மேற்கே போனால் வெகுவாகக் குறைந்துவிடும். குமெட்டும் மஹ்பூபியும் 1972இல் இதை எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியான் இன்னொரு இடம். அங்கே மனிதர்களுக்கு மட்டுமில்லை, வீட்டில் வளர்த்த கோழிகளுக்கும் தொண்டைக்குழாயில் புற்று வந்தது. கோழி சிகரெட் பிடிக்காது, குடிக்காது. இந்தியாவிலும் அப்படித்தான்: மேகாலயாவின் காசி மலைப் பகுதியில் மிக அதிகம், காஷ்மீரிலும் அதிகம், வேறு பல இடங்களில் குறைவு.

ஆகவே சுற்றுச்சூழலில்தான் காரணம் இருக்க வேண்டும். எதில்? ஈரானில் குடிப்பழக்கம் அரிது. அங்கே கிடைத்த துப்பு டீ! கொதிக்கக் கொதிக்க, 70 டிகிரிக்கு மேல் குடித்தவர்களுக்கு ஆபத்து சுமார் எட்டு மடங்கு என்று 2009இல் கோலஸ்தான் ஆய்வு சொன்னது. 65 டிகிரிக்கு மேலான சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் 'அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியது' என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. டீயில் உள்ள பொருள் அல்ல, சூடு. (நம்மூர் டீக்கடைக் கண்ணாடி கிளாஸைத் துண்டு வைத்துப் பிடித்தபடி உறிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் ஆற்றிக் குடிக்கலாம்.)

இனி அந்தத் திருப்பம். 2021இல் ஒரு பன்னாட்டுக் குழு எட்டு நாடுகளிலிருந்து 552 உணவுக்குழாய்ப் புற்றுகளின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தது. நோய் அதிகமுள்ள ஈரான், சீனா, கென்யா, மலாவி, தான்சானியா. குறைவான ஜப்பான், பிரேசில், பிரிட்டன். இந்தியா பட்டியலில் இல்லை. அதிகமுள்ள ஊரின் புற்றில் அந்த ஊர் விஷத்தின் கைரேகை பளிச்சென்று தெரியும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தெரியவில்லை! எல்லா நாட்டுப் புற்றுகளும் ஏறக்குறைய ஒரே முகம். நுரையீரல் புற்றில் அழுத்தமாகப் பதியும் புகையிலைத் தடம்கூட இங்கே பெரிதாக இல்லை. மதுவின் தடம் இருந்தது. ஆல்கஹாலைச் சரியாகச் செரிக்க முடியாத பிறவி மரபணு உள்ளவர்களிடம் கூடுதலாக. அந்தப் பிறவிக் குறை கிழக்காசியாவில் சாதாரணம், நம்மிடம் அரிது. மிகுதியாகக் கிடைத்தது உடம்பின் சொந்த நொதிகளே விட்டுப்போகும் தழும்புகள். 88 சதவீதப் புற்றுகளில் அது இருந்தது.

அப்படியானால் சுற்றுச்சூழல் நிரபராதியா? அப்படி எடுத்துக்கொண்டால் தப்பு. 1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் பெரன்ப்ளம் ஒரு சோதனை செய்தார். எலியின் தோலில் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைத் துளி தடவினார், ஒன்றும் ஆகவில்லை. அதன்மேல் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவியபோது கட்டிகள் முளைத்தன. நம் நாட்டு வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். எண்ணெய் மட்டும் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது மரபணுவைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்ட செல்லைத் தூண்டிவிடுகிறது. விதை ஒன்று, பாய்ச்சும் தண்ணி வேறு.

2018இல் கேம்பிரிட்ஜ் பக்கத்து சாங்கர் நிறுவனத்தார் கண்டது இதோடு பொருந்துகிறது. புற்றே இல்லாத, நன்றாக இருந்த உணவுக்குழாய்களைத் துண்டு துண்டாகப் படித்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் உள்படலத்தின் பாதிக்கு மேல், புற்றோடு தொடர்புள்ள பிறழ்வு கொண்ட செல்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தன. விதை நம் எல்லாரிடமும் இருக்கிறது. மறு வருஷம் ஜப்பானியர்கள் இதே வேலையைச் செய்தபோது, அதிகம் குடித்து, புகைத்தவர்களிடம் இந்தக் குடியேற்றம் வேகமாக நடந்திருப்பது தெரிந்தது.

ஆக, கட்டியின் மரபணுவை மட்டும் படித்து "இவரை இது கொன்றது" என்று சொல்ல முடியாத நோய் இது. ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழர்கள் பெருமைப்படலாம்: அந்தக் கேட்கும் வேலையில் நம் பக்கத்துக்குப் பழைய வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனை டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். 2003இல் சென்னை, திருவனந்தபுரம் மையங்களின் தரவை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் உணவுக்குழாய்ப் புற்று வந்த 566 ஆண்கள். புகைப்பது, மெல்லுவது, குடிப்பது மூன்றில் எந்த ஒன்றும் தனியாகவே ஆபத்தைக் கூட்டியது. வாய்ப்புற்றுக்குப் புகையிலை மெல்லுவது முதல் எதிரி, உணவுக்குழாய்க்குப் புகைப்பது. பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், புற்று உண்டாக்கும் பொருள் என்று மேற்சொன்ன முகமை 2004இல் அறிவித்தது. 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இந்த மூன்றில் ஒன்று வரலாற்றுச் சொத்தாகவே வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948க்குள் மாகாணம் முழுக்க வந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். கைமாறிய 1954 நவம்பர் 1க்குப் பிறகும் கடைகள் மூடப்படவில்லை. துண்டு துண்டாகக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் பல ஊர்களுக்கு அடுத்த வயல்வரப்பே எல்லை. தமிழ்நாட்டில் வறட்சி, வரப்பைத் தாண்டினால் சாராயம். தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியது. இன்று அங்கே சாராயக்கடை இல்லை, டாஸ்மாக் இருக்கிறது. புதுச்சேரியிலோ சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலத்தில் போகின்றன, கலால் வருமானம் அரசுக்குப் பெரிய தூண். இதை ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசிப் பழகிவிட்டோம். உணவுக்குழாய் ஒழுக்கம் பார்ப்பதில்லை. ஆல்கஹால் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடைத்தான் பார்க்கிறது.

ஆனால் பழியை எல்லாம் சாராயக்கடை மேல் போட்டால் பாதிக் கதை விட்டுப்போகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாக்கள் குடிப்பதில்லை, பீடி பிடிப்பதில்லை. இடுப்பில் வெத்தலப்பை உண்டு. பசி தெரியாமல் இருக்க, பல்வலி மறக்க, பேச்சுத்துணைக்கு ஒரு வாய். "கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை. தாம்பூலம் எந்தக் கணக்கில் கெட்ட பழக்கம்? கல்யாணத்தில் மாற்றுகிற பொருள், சாமிக்கு வைக்கிற பொருள்.

கேஸ் ஷீட்டில் "பழக்கம்: இல்லை" என்று எழுதியாகிவிடும். கட்டியின் மரபணுவும் கைரேகை காட்டாது. அதனால் கேட்கிறவர் வேறு மாதிரி கேட்க வேண்டும்: வெத்தலை போடுவீங்களா, எத்தனை வருஷமா, போயிலை சேர்ப்பீங்களா, ராத்திரி வாயில அடக்கிக்கிட்டே தூங்குவீங்களா, சாறைத் துப்புவீங்களா முழுங்குவீங்களா?