வகுப்பறைக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

தொற்று நோய் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்பது இன்று எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த சங்கதி. அம்மை கண்டால் விடுப்புக் கடிதம் தானாகப் போய்விடுகிறது. ஆனால், அப்படித் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைக்கு வீட்டில் மருந்து போட ஆளில்லை என்றால்?

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 1894இல் 50 மருத்துவர்கள் பள்ளிகளைப் பார்வையிட நியமிக்கப்பட்டார்கள். 1897இல் நியூயார்க் நகரமும் அதே வழியில் போனது. தொண்டை அடைப்பான், தட்டம்மை போன்ற நோய் கண்டவர்களை விலக்கி வைத்தது நியாயம்தான். உயிர் குடிக்கும் நோய்கள் அவை. 1902இல் சோதனை கடுமையானது. டிராக்கோமா என்ற கண் நோய், படர்தாமரை, சிரங்கு, ஏன், தலையில் பேன் இருந்தாலும்கூட வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மட்டும் அப்படி அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர்!

மருத்துவரின் வேலை நோயைக் கண்டுபிடிப்பதோடு சரி. சிகிச்சை அவர் பொறுப்பல்ல. கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் வாழ்ந்த யூத, இத்தாலியக் குடியேறிகளில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது. பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். பள்ளி விட்டதும் அதே வகுப்புத் தோழர்களோடு கூடி விளையாடினார்கள். பிறகு விலக்கி வைத்து என்ன பயன்?

ஹென்றி தெருவில் ஏழைகளுக்குச் சேவை செய்துவந்த தாதி லில்லியன் வால்ட், ஒரு சிறுவனைச் சந்தித்தார். வயது 12. தலையில் புண். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ஆசிரியர் திருப்பி அனுப்பியதால் அவனுக்கு எழுத்தே தெரியாது. அவர் மருந்து போட்டுக் குணமாக்கிய பிறகே அவன் வகுப்பில் போய் உட்கார்ந்தான். சில வாரக் களிம்பு செய்கிற வேலையை யாரும் செய்யாததால் போன வருடங்கள் அவை.

வால்ட் நகர நிர்வாகத்திடம் ஒரு யோசனை சொன்னார்: ஒரு மாதத்துக்குத் தாதி ஒருவரைத் தருகிறேன், சோதித்துப் பாருங்கள். 1902 அக்டோபரில், கனடாவில் பிறந்த லினா ரோஜர்ஸ் 4 பள்ளிகளில் பணியைத் தொடங்கினார். மாணவர்கள் சுமார் 10,000 பேர். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். வீட்டில் இருக்க வேண்டியவர்களின் வீடுகளுக்குப் படியேறிப் போய், தாய்மார்களுக்குச் செய்து காட்டினார்.

மேலும் பல தாதிகள் நியமிக்கப்பட்டார்கள். 1903 செப்டம்பரில் விலக்கப்பட்டவர்கள் 1,101 பேர்தான். கொடிய நோய்களுக்கான விலக்கு அப்படியே இருந்தது. ரோஜர்ஸ் 1910இல் டொரோண்டோவுக்குப் போய், அங்கும் பள்ளித் தாதிகள் சேவையை அமைத்துக் கொடுத்தார்.