வினாவிடை நூலும் ஊர்ச் சபைகளும்
1887ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் முன்பணி

ஆண்டு மாநாடு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குரிய ஆயத்தமோ ஓராண்டுப் பணி. ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், சிறுதொழில் நடத்துவோர் எனத் தொழில்வாரியாக அமைந்துள்ள சங்கங்கள் இன்று ஏறக்குறைய ஒரே முறையைக் கைக்கொள்கின்றன. தலைமைச் சங்கம் நாளும் இடமும் குறிக்கிறது. ஆராய வேண்டிய பொருள்களைக் கிளைகளுக்கு முன்கூட்டியே அனுப்புகிறது. கிளைகள் கூடி விவாதிக்கின்றன, பேராளர்களைத் தேர்ந்தெடுக்கின்றன, நிதி திரட்டுகின்றன. மாநாடு முடிந்ததும் பேராளர்கள் தீர்மானங்களோடு ஊர் திரும்பிக் கிளையின்முன் அறிக்கை வைக்கின்றனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைவாயிலிலும் திருவள்ளூரின் பள்ளி வளாகத்திலும் சங்கக் கிளைகள் இவ்வொழுங்கை இயல்பாக மேற்கொள்ளக் காணலாம். தமிழ்நாட்டில் இவ்வொழுங்கு உருப்பெற்ற வரலாறு, சென்னை மகாஜன சபையின் தொடக்க ஆண்டுகளோடும் 1887ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடும் பிணைந்தது. அவ்வரலாற்றின் நடுவே ஒரு சிறு தமிழ் நூல் இருக்கிறது என்பது தமிழ் அன்பர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

சபை பிறந்த சூழல்

சென்னை மாகாணத்தில் பொதுநலச் சங்கங்கள் 1884க்கு முன்பும் இருந்தன. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தோற்றுவித்த சென்னைச் சுதேசிகள் சங்கம் அவற்றுள் தலையாயது. வரி வசூலிப்பதற்காகக் குடியானவர்கள் துன்புறுத்தப்பட்ட கொடுமையை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் செவிக்கு எட்டச் செய்தவர் அவர். அதன் பயனாக அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. எனினும் அச்சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. தனியொருவரின் ஊக்கத்தையும் பொருளையும் பெரிதும் சார்ந்திருந்தமையால், அவர் தளர்ந்தபோது சங்கமும் தளர்ந்தது. 1868இல் செட்டியார் மறைந்தார்.

அடுத்த தலைமுறையினர் இந்தக் குறையை உணர்ந்தவர்கள். 1878இல் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கிய இளைஞர் அறுவருள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் பள்ளி கல்லூரிகளில் பாடம் சொன்ன ஆசிரியர்கள். 1882இல் சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழைத் தமிழில் தொடங்கினார். பி. அனந்தாச்சார்லு வழக்கறிஞர். இவர்கள் கூடி 1884 மே 16ஆம் நாள் சென்னை மகாஜன சபையை நிறுவினர். பி. ரங்கைய நாயுடு அதன் தலைவரானார். ஆசிரியரும் வழக்கறிஞரும் பத்திரிகையாளருமாகிய தொழில் வகுப்பினரே அதன் முதுகெலும்பாக விளங்கினர்.

இச்சபையின் தனிச்சிறப்பு, வெளியூர்ச் சங்கங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டமையாகும். மாகாணத்தின் பல நகரங்களில் சிறு சங்கங்கள் தனித்தனியே இயங்கி வந்தன. அவற்றை ஒரே இழையில் கோத்து, பொதுவான கேள்விகளை அவற்றிற்கு அனுப்பி, கருத்தறியும் பணியைச் சபை மேற்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில், 1884 டிசம்பர் 29 முதல் 1885 ஜனவரி 2 வரை, சபையின் முதல் மாநாடு சென்னையில் நடைபெற்றது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆண்டுக் கூட்டம் நிகழ்ந்த காலம் அது. வெளியூர் அறிஞர் பலர் சென்னைக்கு வரும் நேரம். சட்டசபைகளின் விரிவாக்கம், வருவாய் அதிகாரத்தையும் நீதி அதிகாரத்தையும் பிரித்தல், இந்திய அரசாட்சியின் அமைப்பு, உழவர்களின் நிலை ஆகியவை அங்கே ஆராயப்பட்டன. ஓராண்டு கழித்து, 1885 டிசம்பர் 28இல், பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பேராளர்களோடு காங்கிரஸ் கூடியபோது, முதல் தீர்மானத்தை முன்மொழியும் பேறு சுப்பிரமணிய ஐயருக்கு வாய்த்தது. வெளியூர்ச் சங்கங்களோடு பழகித் தேர்ந்த ஒருவர் அங்கே எழுந்து நின்றது பொருத்தமே.

சென்னையின் முறை

பம்பாயிலும் 1886இல் கல்கத்தாவிலும் கூடிய காங்கிரஸ், மூன்றாம் ஆண்டில் சென்னைக்கு வருவதென முடிவாயிற்று. பெருஞ்செல்வர் சிலரிடம் பொருள் பெற்று, நகரத்துப் பெரியோர் சிலரைக் கூட்டி, மாநாட்டைச் சிறப்பாக முடித்துவிடுவது எளிய வழியாக இருந்திருக்கும். சபையினர் கடினமான வழியைத் தேர்ந்தனர். மாகாணத்து ஊர்கள் தோறும் பொதுக்கூட்டங்கள் நடத்தி, பேராளர்கள் அக்கூட்டங்களிலோ சங்கங்களிலோ தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அவர்களது நோக்கம்.

இங்குதான் இடர்ப்பாடு தோன்றியது. ஊர்க் கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் அவ்வூரின் வக்கீலோ, பள்ளி ஆசிரியரோ, வணிகரோ, மிராசுதாரரோ ஆவார். அவர் காங்கிரசைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருக்கலாம். ஆனால் கூட்டத்திற்கு வருவோர் ஆங்கிலம் அறியாதவர்கள். சட்டசபை, பிரதிநிதித்துவம், தீர்மானம் முதலியவற்றை அவர்களுக்கு எந்தச் சொற்களால் விளக்குவது? அரசாங்கத்திடம் குறைகூறுவது குற்றமாகாதா என்று ஒருவர் கேட்டால் என்ன மறுமொழி சொல்வது? தலைமையில் உள்ளோர்க்குத் தெளிவாயிருந்த கருத்து, ஊர்த் தலைவரின் வாயில் வரும்போது குழம்பிப் போகுமாயின் முழு முயற்சியும் வீணாகும்.

வினாவிடை நூல்

இவ்விடரைத் தீர்க்க வீரராகவாச்சாரியார் மேற்கொண்ட வழி, தமிழில் ஒரு சிறு வினாவிடை நூல் எழுதுவது. காங்கிரஸ் என்பது யாது, அது எதைக் கோருகிறது, சட்டசபையில் மக்களுடைய பிரதிநிதிகள் இடம்பெறுவது ஏன் வேண்டும், முறையிடுவது எவ்வாறு விசுவாசத்திற்கு மாறானதன்று என்பவை அதில் கேள்வியும் விடையுமாக அமைந்தன. அந்நூல் 30,000 படிகள் அச்சாகிப் பரவியது. எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில் இது பெருந்தொகை. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அன்றைய வழக்கமாதலால், நூல் சென்றடைந்த செவிகள் படிகளின் எண்ணிக்கையைவிடப் பலவாகவே இருந்திருக்கும்.

வடிவத்தைத் தேர்ந்த நுட்பமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. வினாவிடை தமிழர்க்குப் புதிதன்று. மாணாக்கன் வினவ ஆசிரியன் விடையிறுக்கும் முறையில் சைவ சித்தாந்த சாத்திரங்களுள் 'உண்மை விளக்கம்' அமைந்துள்ளது. தமிழ் அச்சின் தொடக்கக் காலத்தில், 1579இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வினாவிடையாகவே சமய போதனையைச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இயற்றிய 'சைவ வினாவிடை' பள்ளிப் பிள்ளைகளிடம் வழங்கியது. சமயத்திற்கும் கல்விக்கும் பயன்பட்டு வந்த பழைய பாத்திரத்தில் அரசியல் என்னும் புதிய பொருளை வார்த்தவர் வீரராகவாச்சாரியார். பாடம் நடத்திப் பழகியவராதலின், எவ்விடத்தில் கேட்போர் ஐயுறுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஊர்த் தலைவருக்கு அந்நூல் கைவிளக்காயிற்று. கூட்டத்தில் எழக்கூடிய கேள்வி முன்பே அச்சாகி அவர் கையிலிருந்தது.

அணாக் கணக்கு

நிதி திரட்டிய முறையும் இதே நோக்கில் அமைந்தது. ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரையிலான சிறு தொகைகளாக 8,000 பேர் அளித்தவை மட்டும் 5,500 ரூபாய் ஆயின. சராசரியாக ஒருவருக்குப் பதினோரணா. இதற்குமேல் முப்பது ரூபாய் வரை கொடுத்தோரிடமிருந்து மேலும் 8,000 ரூபாய் வந்தது. அரசர்களும் ஜமீன்தார்களும் தந்த பெருந்தொகைகள் வேறு.

ஓரணா கொடுத்தவரிடம் அதை வாங்கச் சென்றவர், அது எதற்கென்று சொல்லியே வாங்கியிருக்க முடியும். ஆகவே ஒவ்வோர் அணாவும் ஒரு சிறு உரையாடலின் அடையாளமாகும். நிதி வேலையும் அறிவுறுத்தும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. ஊர்த் தலைவர்கள் இவ்வாறு வீடு வீடாகவும் கடை கடையாகவும் பெற்ற பயிற்சியை எந்த மேடையும் அவர்களுக்குத் தந்திருக்க இயலாது.

பந்தலில் ஒலித்த தமிழ்

1887 டிசம்பர் 27ஆம் நாள் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மக்கீஸ் தோட்டத்தில் மாநாடு கூடியது. பதுருதீன் தியாப்ஜி தலைமை வகித்தார். வரவேற்புக் குழுவிற்கு ராஜா சர் டி. மாதவராவ் தலைவர். மேற்கே பம்பாய்ப் பக்கமிருந்து வந்த இருப்புப்பாதை அரக்கோணத்தையும் திருவள்ளூரையும் கடந்தே சென்னையை அடைந்தது. கும்மிடிப்பூண்டி வழியே வடக்கே செல்லும் பாதை அப்போது இல்லை. ஆகவே வங்கத்துப் பேராளர்கள் கப்பலேறி வந்தனர். திருவள்ளூரும், கும்மிடிப்பூண்டியை உட்கொண்ட பொன்னேரியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தின் வட்டங்கள். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகுகள் நகருக்கு விறகும் உப்பும் சுமந்துவந்த காலம் அது.

கூடிய பேராளர் 607 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சென்னை மாகாணத்தினர். வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் மிகுந்திருந்த அவையில் வணிகரும் நிலவுடைமையாளரும் கைவினைஞரும் அமர்ந்திருந்தனர். தஞ்சாவூரிலிருந்து வந்த மூக்கன் ஆசாரி என்னும் கைவினைஞர் எழுந்து தமிழில் பேசினார். ஆங்கிலமே ஒலித்த அப்பந்தலில் தமிழ் ஒலித்த அந்தச் சில நிமிடங்கள், வினாவிடை நூல் சென்ற வழியே ஒரு குரல் திரும்பி வந்ததை உணர்த்தின.

அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று இப்பகுதியினர்க்குத் தனிப் பொருளுடையது. மக்களின் வறுமையைக் கருதி, நாட்டின் நிலைக்கேற்ற தொழிற்கல்வி முறையை அரசு வகுக்க வேண்டும் என்றும், உள்நாட்டு உற்பத்திப் பொருள்களை அரசுத் தேவைகளுக்குக் கூடுதலாக வாங்கி ஊக்குவிக்க வேண்டும் என்றும் அது கேட்டது. அன்று வயலும் உப்பளமும் ஏரியுமாயிருந்த பொன்னேரி வட்டத்தின் வடபகுதியில் இன்று உலைகளும் ஆலைகளும் நிற்கின்றன. தொழிற்கல்வி பெற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் அங்கே பணிபுரிகின்றனர்.

அரசு விழித்துக்கொண்டது

1886இல் கல்கத்தாவில் வைஸ்ராய் டப்ரின் பிரபுவும், 1887இல் சென்னையில் ஆளுநர் கன்னிமரா பிரபுவும் பேராளர்களை அழைத்து உபசரித்தனர். கற்றவர் சிலர் ஆங்கிலத்தில் பேசிக் கலைவதை அரசு இடையூறாகக் கருதவில்லை. சென்னை வினாவிடை நூலின் ஆங்கில வடிவம் மாநாட்டு அறிக்கையின் பின்னிணைப்பாக வெளிவந்தபின் நிலைமை மாறியது. வடமேற்கு மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஆக்லண்ட் கால்வின், இத்தகைய சிறு நூல்கள் மக்கள் மனத்தில் பகைமையை விதைப்பதாக ஹியூமுக்கு எழுதினார். 1888இல் அலகாபாதில் மாநாட்டிற்கு இடம் கிடைப்பதே அரிதாயிற்று. தர்பங்கா மகாராஜா ஒரு மாளிகையையே விலைக்கு வாங்கித் தந்து உதவினார். அவ்வாண்டு நவம்பரில் டப்ரின், காங்கிரசார் நுண்ணோக்காடியில் காணத்தக்க சிறுபான்மையினர் என்று பேசினார். ஆனால் அடுத்த மாதம் அலகாபாதில் கூடிய பேராளர் 1,248 பேர்.

அறுநூற்றெழுவர் பந்தலில் பேசிய பேச்சைக் காட்டிலும், ஊரில் படிக்கப்பட்ட முப்பதாயிரம் சிறு நூல்களையே அரசு அஞ்சியது. மாநாட்டின் வலிமை எங்கே இருந்தது என்பதை, அதை விரும்பாதவர்களே தெளிவாகக் கண்டுகொண்டனர்.

தளர்ச்சியும் மீட்சியும்

தமிழகத்தில் கிடைத்த இப்பாடத்தைக் காங்கிரஸ் தொடர்ந்து போற்றவில்லை. அடுத்த ஆண்டுகளில் மாநாடு சிறந்தது, கிளைப்பணி மெலிந்தது. 1897இல் அமராவதி மாநாட்டில் வங்கத்துத் தலைவர் அசுவினி குமார் தத்தர், இது மூன்று நாள் வேடிக்கையாகிவிட்டது என்று வருந்திக் கூறும் நிலை வந்தது. ஆண்டு முழுதும் ஊரில் வேலை இல்லாத இடத்தில் மாநாடு திருவிழாவாகத்தான் முடியும்.

1920 டிசம்பரில் நாகபுரியில் புதிய அமைப்பு விதிகள் ஏற்கப்பட்டன. நாலணாச் சந்தாவும், ஊர்தொறும் வட்டந்தொறும் குழுக்களும், மொழிவாரி மாகாணக் குழுக்களும் அவ்விதிகளால் அமைந்தன. தமிழ் பேசும் பகுதிக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் குழு ஏற்பட்டது. ஊர்க் கிளையின் நடவடிக்கை தமிழில் நடப்பது இயல்பாயிற்று. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஓரணா நன்கொடையும் தமிழ் வினாவிடையும் தொட்டுக் காட்டிய வழியையே நாகபுரி விதிகள் சட்டமாக்கின எனலாம்.

சுப்பிரமணிய ஐயரும் அனந்தாச்சார்லுவும் வரலாற்று நூல்களில் பரவலாகப் பேசப்படுகின்றனர். வீரராகவாச்சாரியாரின் சிறு நூலோ அறிக்கையின் பின்னிணைப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது. அந்நூலைக் கையில் ஏந்தி, விளக்கு வெளிச்சத்தில் அண்டை வீட்டாருக்குப் படித்துக் காட்டிய ஊர்த் தலைவர்களின் பெயர்கள் அவ்வளவுகூட நிற்கவில்லை. மாநாடுகள் அவர்களால்தான் நடந்தன. தொழிற்சங்கமாயினும் ஆசிரியர் சங்கமாயினும் இலக்கிய வட்டமாயினும், கிளையில் இருப்பவருக்குப் புரியும் தமிழில் தன் நோக்கத்தைச் சொல்ல வல்ல அமைப்பே பத்தாண்டையும் அதற்கப்பாலும் காணும். அத்தமிழை ஆக்கித் தரும் பொறுப்பு, அன்றுபோல் இன்றும், எழுதுவோருடையதே.