அழுக்கைக் குடிக்கும் செடிகள்... அப்புறம் அதை என்ன செய்யணும்?

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் வழியில் இருக்கிறது திருப்பனந்தாள். இந்த டெல்டா பக்கத்து விவசாயிகளிடம் வெங்காயத்தாமரை என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். ஊதாப் பூவோடு வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேராது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆகாயத்தாமரை, சத்து மிகுந்த தண்ணீரில் இரண்டே வாரங்களில்கூட இரட்டிப்பாகிவிடும்.

ஆனால், தண்ணீரில் கலந்த உரச்சத்தையும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சி எடுப்பதும் இதே செடிதான். இப்படிச் செடிகளை வைத்து மாசு அகற்றுவதை 'பைட்டோரெமிடியேஷன்' என்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸைச் செடி உணவாக்கிக்கொள்ளும். உலோகம் மட்டும் அழியாது. தண்ணீரிலிருந்து செடிக்குள் இடம் மாறும், அவ்வளவுதான். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, 1990-களில் அங்கே ஒரு குளத்தில் சூரியகாந்தியை மிதக்கவிட்டுக் கதிரியக்கப் பொருள்களை உறிஞ்ச வைத்தார்கள். அப்படி உறிஞ்சிய செடியும் கதிரியக்கக் கழிவுதான்!

இதைக் கவனியுங்க

* வெங்காயத்தாமரை தண்ணீரிலேயே அழுகினால், எடுத்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும். வாரிக் கரையேற்றினால்தான் பலன்.
* ஆலைக் கழிவு, சாக்கடை கலக்கும் இடத்தில் வாரியதை மாட்டுக்கும் போடாதீங்க, உரமாகவும் மக்க வைக்காதீங்க.
* சாக்கடைத் தண்ணியில் விளைந்த கீரைக்கும் இதே கதைதான். கழுவினால் மேலே ஒட்டிய அழுக்குதான் போகும். உள்ளே ஏறிய உலோகம் போகாது.

வீட்டில் செய்யலாமா?

தாராளமா. புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீரைச் செடிகளின் வேர்ப் படுகை வழியாகவும் செலுத்திச் சுத்திகரித்து, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். வீட்டில் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்குச் சிறிய படுகை போதும். இரண்டடி ஆழத்தில் தண்ணீர் கசியாத தொட்டி கட்டி, ஜல்லி நிரப்பி, கல்வாழை நடுங்கள். தண்ணீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடட்டும். மேலே தெரிந்தால் கொசு வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் உள்ளே போகாமல் முன்னாடியே வடிகட்டி வையுங்கள். கழிப்பறைத் தண்ணீரை இதில் விடக் கூடாது. வெளியே வரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போதும்; குடிக்க ஆகாது.

அவ்வப்போது கல்வாழையை வெட்டிவிட மறக்காதீங்க. செடி உறிஞ்சியதை வெளியே எடுப்பது நம்ம வேலை!