அஞ்சறைப் பெட்டியும் மலைத் தோட்டமும்

நாட்டு வரலாறு எழுதுவோர் அரண்மனையைப் பார்ப்பர், போர்க்களத்தைப் பார்ப்பர். தோட்ட வரலாறு எழுதுவோர் காடு அழித்த ஆண்டையும் விளைச்சல் கணக்கையும் பார்ப்பர். அடுப்படியை எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அடுப்படி ஒரு தெளிவான சான்றாகும். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், உப்பு, கருவாடு என்னும் சில பொருள்களைக் கொண்டு நம் பாட்டியர் குடும்பத்தைக் காத்த வரலாற்றை, பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை மனத்திற்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழந்தமிழர் அடுப்பு

சிக்கனச் சமையல் தமிழர்க்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வறிய இல்லம் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே பாணர் குடிப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் காணாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் இல்லத்து நிலையை எடுத்துரைக்கும்போதும் உப்பில்லாக் கீரையே பேசப்படுகிறது.

எந்தக் கீரை உண்ணத்தக்கது, அதை எப்படிச் சமைப்பது என்று அறிந்திருப்பது அறிவு. அதில் இட உப்பும் இல்லாதிருப்பது வறுமை. முன்னதைச் சிக்கனம் எனலாம், பின்னது இல்லாமை. புலவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை. வறுமையைச் சொல்லிப் பரிசில் கேட்டனரேயன்றி, அதை நல்லொழுக்கம் என்று புகழ்ந்தாரில்லை. தோட்டத்துச் சமையலை ஆராயும்போதும் இந்த வேறுபாடு நமக்கு வழிகாட்டுதல் வேண்டும்.

புழுங்கல் அரிசி தந்த பாடம்

முதலில் அறிவின் பகுதியைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் சோரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதி. தமிழ்த் தொழிலாளரிடையோ அரிது. இது மருத்துவர்க்குப் பெரும் புதிராயிற்று.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், இவ்வேற்றுமைக்கு அரிசியே காரணம் என்று வாதிட்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905ஆம் ஆண்டில் மருத்துவர் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். ஒரு சாரார்க்குப் பச்சரிசியும் மற்றொரு சாரார்க்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோரில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. 1907இல் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் சாலை அமைக்கும் ஜாவானியத் தொழிலாளரிடையே மீண்டும் ஆராய்ந்து இம்முடிவை உறுதிப்படுத்தினர். அரிசித் தவிட்டில் உள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தே இதன் மூலம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

புழுக்குவதால் நேர்வது யாது? நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. உலக மருத்துவம் தேடிய விடை தமிழரின் சோற்றுப் பானையில் இருந்தது. காரணம் அறிந்து அவர்கள் அவித்தாரில்லை. ஆயினும் வழிவழி வந்த வழக்கம் அவர்களைக் காத்தது. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடிப்பதும், நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றை அந்நீரோடு உண்பதும் இத்தகைய வழக்கங்களே. நீரில் கரையும் உயிர்ச்சத்து கஞ்சியில் இறங்குதலின், அதைக் குடிப்பவர் இழப்பது குறைவு.

கூலிக் கணக்கில் உப்பும் புளியும்

நிற்க. இந்த அடுப்படி அரசாங்க ஏட்டிலும் ஏறியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின் இந்தியத் தொழிலாளர்க்குத் தரக்கூலி வகுக்கப்பட்டது. அதற்கு அடிப்படை ஒரு குடும்பச் செலவுப் பட்டியல். அரிசி, பருப்பு, கொத்துமல்லி, மிளகாய், புளி, உப்பு, எண்ணெய், கருவாடு ஆகியவை அதில் வரிசையாக நின்றன. இருபதுகளின் இறுதியில், எளிதில் சென்றடையும் மாவட்டங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் என்று விதித்தனர். சென்றடைதற்கு அரிய பகுதிகளுக்குச் சற்றுக் கூடுதல்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பர் விலை சரிந்தது. கூலி 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கிற்று. அரிசி விலையும் குறைந்துவிட்டது, ஆதலால் குறைந்த கூலி போதும் என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். இங்குதான் நாம் விழிப்போடு நோக்கவேண்டும். ஒரு பெண் மூன்று நாள் புளியை நான்கு நாளைக்கு நீட்டினால் அது அவள் திறமை. அதன் பயன் அவள் பிள்ளைகளைச் சேர்வதே முறை. ஆனால், குறைந்த செலவில் உயிர் வாழ முடியும் என்பதே கூலியைக் குறைக்கக் காரணமாகுமாயின், அவள் சிக்கனம் அவளுக்கே பகையாகிறது. வயலிலும் லயத்திலும் இருமுறை உழைத்தவளுக்கு ஆடவர் கூலியில் ஐந்தில் நான்கு பங்கே கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது. 1938இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தொழிலாளர் உதவிபெற்று மலாயா செல்வதைத் தடை செய்தது.

மலை அடுப்பு

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றியதும் இக்காலத்தில்தான். ஜே. ஏ. ரசல் என்பவர் இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்னி என்பவரின் துணையோடு 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் மிகப் பலர்.

சமவெளித் தோட்டத்துப் பெண்ணுக்கு இல்லாத இடர்ப்பாடு மலைப்பெண்ணுக்கு இருந்தது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நெல் விளையாது, தென்னை காய்க்காது, கடல் மீனும் எட்டாது. இவையெல்லாம் தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் சாலை வழியாகவே வரவேண்டும். ஆதலின் நெடுநாள் கெடாத பொருள்களே அடுப்படியை ஆண்டன. அரிசி, பருப்பு, புளி, வற்றல், நெத்திலிக் கருவாடு என்பன அவை. மலை தந்தவையோ கீரை, பூசணி, சீமைக் கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

மலையில் நீரும் விரைந்து கொதித்துவிடும். ஆனால் அக்கொதிநீரின் வெப்பம் 95 பாகை அளவே. அதனால் பருப்பு வேக நேரமாகும், விறகு கூடுதலாகும். முன்னிரவே ஊறவைத்தால் இரண்டும் மிஞ்சும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் மிலாறு அடுப்புக்கு ஆயிற்று. பருப்பும் சோறும் சேரும்போது ஒன்றில் குறைந்த புரதக் கூறுகளை மற்றது நிரப்புகிறது. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணச்சத்து கிடைக்கிறது. கீரையோடு புளி சேர்ப்பது அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. உணவோடு குடிக்கும் தேநீரோ அந்த இரும்புச்சத்தைத் தடுக்கும். தேயிலை விளையும் மலையில் வாழ்வோர்க்கு இக்குறிப்பு மிகவும் வேண்டியதே.

அரிசி மறைந்த காலம்

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலம் இச்சமையலுக்கு வந்த பெருஞ்சோதனை. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. அவ்வரவு அற்றுப்போயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர்.

நாடெங்கும் மரவள்ளி அரிசியின் இடத்தைப் பிடித்தது. அது வெப்பநிலப் பயிர். மலைக்குளிரில் மெல்லவே வளரும். அங்கே சர்க்கரைவள்ளி கைகொடுக்கும்; கிழங்கும் உணவு, இலையும் கீரை. மரவள்ளியில் நஞ்சு உண்டு. தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்ட வேண்டும். கஞ்சித் தண்ணீரைக் கொட்டாதே என்ற பழைய பாடத்திற்கு இது நேர்மாறு. பொருளுக்கேற்ப முறையை மாற்றுவதன்றோ சமையல் அறிவு! ஆயினும் மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. புரதமும் தயமினும் மிகக் குறைவு. எத்துணைத் திறமையாகச் சமைத்தாலும் இல்லாத சத்தை அடுப்பு உண்டாக்காது. நோயும் சாவும் அதனாலும் பெருகின.

ஆசிரியர் கடமை

இதனால் பெறப்படுவது யாது? சிக்கனம் என்பது இருப்பதை வீணாக்காமல் பயன்படுத்தும் அறிவு, போற்றிக் காத்தற்குரியது. இல்லாமை என்பது பிறர் செய்கையால் வந்த குறை. அதைப் போற்றுதல் தகாது. முன்னோர் கஞ்சி குடித்தே வலிமையாக வாழ்ந்தனர் என்று மேடையில் பேசுவது எளிது. அக்கஞ்சியில் இருந்த அறிவையும், கஞ்சியோடு நின்றுவிட்ட கூலியையும் பிரித்துச் சொல்லுதலே வரலாறு.

இன்று மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டார் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணம் சேர்ந்துவிட்டன. லயத்து அடுப்பை அறிந்த முதியவர் தொகையும் குறைந்துவருகிறது. தமிழாசிரியர்கள் மாணவரிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கலாம். பாட்டியிடம் சென்று, ஒரு கிழமைக்கு எவ்வளவு அரிசி வாங்கினீர்கள், எதை எதற்கு மாற்றாகச் சமைத்தீர்கள், கடையில் எவ்வளவு கடன் நின்றது என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம். சமையல் குறிப்போடு விலையையும் கூலியையும் சேர்த்து எழுதச் செய்தல் இன்றியமையாதது. தோட்டத் தமிழுக்கே உரிய சொற்களும் அக்குறிப்பேடுகளில் இடம்பெறும். அரசாங்கப் பட்டியலில் உப்பின் விலை இருக்கிறது. அந்த உப்பை அளந்து இட்ட கையைப் பற்றிய செய்தி நம் மாணவர் ஏட்டிலாவது இருக்கட்டும்.