திரையில் ஆடிய குறத்தி



பேசும் படம் என்றவுடன் நீண்ட கதையும் பல பாட்டுகளும் நிறைந்த பெரும்படமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அமெரிக்காவில் பேசும் படத்துக்கு வழி வகுத்தவை சின்னஞ்சிறு படங்களே. 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நியூயார்க் நகரில் வார்னர் சகோதரர்கள் 'டான் ஜுவான்' என்ற படத்தைத் திரையிட்டனர். அதில் பின்னணி இசை உண்டு, பேச்சு இல்லை. அதற்கு முன்னர்க் காட்டிய குறும்படங்களிலோ பாடகர் பாடியதே கேட்டது. அவையினர் வியந்தனர். பின்னர் மேடை விகடர்களும் பாடகர்களும் இத்தகைய படங்களில் நடிக்கலாயினர். ஒன்று அல்லது இரண்டு ரீல். பத்து அல்லது இருபது நிமிடம். அதற்குள் சிறிது கதை, சிறிது கேலி, சில பாட்டுகள்.

நம் நாட்டிலும் ஏறக்குறைய அவ்வாறே நிகழ்ந்தது. 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. பம்பாயில் இம்பீரியல் கம்பெனியார் தயாரித்து, எச்.எம்.ரெட்டி இயக்கிய படம் அது. அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது. நாடக மேடையில் புகழ் பெற்ற டி.பி.ராஜலட்சுமி அதில் நாயகி. அவருடைய குறத்தி நடனமும் தேசியப் பாட்டுகளும் அப்படத்தோடு காட்டப்பட்டன. கதைக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. 

ஏன் குறத்தி? அமெரிக்கர் தம் மேடையிலிருந்து விகடத்தை எடுத்தனர். நம்மவர் தம் மரபிலிருந்து குறத்தியை எடுத்தனர். குறி சொல்லும் சிங்கியும், அவளைத் தேடி அலையும் சிங்கனும் பாட்டாலேயே வாதாடும் குறவஞ்சி, நமக்கு உரிய இசை நகைச்சுவை அன்றோ? கருவி மேல்நாட்டது, சரக்கு நம்முடையது. பின்னாளில் என்.எஸ்.கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து, மதுரத்துடன் நடித்தபோதும், பெரும்படத்துக்குள் ஒரு சிறு படம் ஓடுவது போலவே இருந்தது.

1931இல் பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் இவை யாவும் கேரளத்தில் அடங்கின. ஆனால் கலை எல்லைக்கல்லைப் பார்த்து நின்றதில்லை. தமிழ் இசை நாடகக் குழுக்கள் மலையாள நாடெங்கும் சென்று ஆடின. அவற்றின் சாயலில் மலையாள மேடையும் வளர்ந்தது. 1938இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' சேலத்தில், டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவானது. தமிழின் முதற் படம் பம்பாயில். மலையாளத்தின் முதற் படம் சேலத்தில்! பிறந்த மண்ணுக்கு வெளியே வாழும் நாம் இதை எண்ணி மகிழலாம்.

வருந்துவதற்கும் ஒன்று உண்டு. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. பழைய படங்கள் பலவற்றை அறிய, கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே துணை. கொழிஞ்சாம்பாறையிலோ மூணாற்றிலோ உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் அப்படி ஒன்று கிடக்கலாம். பழந்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அதற்குள் ஒரு குறத்தி இன்னும் ஆடிக்கொண்டிருக்கக்கூடும்.