கயிறும் கூலியும்: ஆங்கிலத்திற் புகுந்த கரையோரச் சொற்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு மொழியின் சொல் வேறொரு மொழியிற் புகும்போது அதன் ஒலி எவ்வாறு திரிகிறது என்பது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பொருள் ஏன் திரிகிறது என்ற வினாவுக்கோ சமூக வரலாற்றையே நாடவேண்டியுள்ளது. புத்தளக் கரையோர வாழ்வுடன் தொடர்புடைய மூன்று சொற்கள் ஆங்கிலத்திற் பெற்ற பொருளை இக்கட்டுரை நோக்குகிறது.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தீவின் ஊர்களையும் மக்களையும் ஆள்வோர் மொழியிலேயே விளக்கிய நூல் அது. ஆயின் நாம் நோக்கும் சொற்களுக்கு அத்தகைய விளக்குநர் வாய்க்கவில்லை. வணிகரின் கணக்கேடுகளும் அரசின் கட்டளைச் சட்டங்களுமே அவற்றின் பொருளை நிலைப்படுத்தின.

முதலாவது ‘கொயர்’. தமிழிற் கயிறு, மலையாளத்திற் கயர் என வழங்கும் சொல்லின் ஆங்கில வடிவம் இது. தென்னை முக்கோணத்தைச் சேர்ந்த புத்தளம், சிலாபம் பகுதிகளில் உரிமட்டையை ஊறவைத்து, அடித்துப் பிரித்தெடுப்பது தும்பு. அதனைத் திரித்து முறுக்குவது கயிறு. இரண்டுக்கும் இடையில் நிற்பது மனித உழைப்பு. ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் தும்பையே குறிக்கிறது. செய்பொருளின் பெயர் மூலப்பொருளின் பெயராயிற்று. மூலப்பொருளையே நாடிய குடியேற்ற வாணிகத்துடன் இம்மாற்றத்தை இணைத்து நோக்குதல் பொருந்தும்.

கட்டுமரமும் இத்தகையதே. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மீனவரின் மிதவை, இன்றைய ஆங்கிலத்தில் இரட்டை உடற்படகாகவும் உல்லாசக் கலமாகவும் மாறிவிட்டது.

மூன்றாவதான ‘கூலி’யே நம் சிந்தனைக்கு முதன்மையாக உரியது. இச்சொல்லைக் குசராத்தின் கோலி சமூகப் பெயருடன் தொடர்புறுத்துவாரும் உளர். எனினும் தமிழ்ச் சொல்லின் செல்வாக்கு மறுக்கற்பாலதன்று. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திற் கூலி என்பது முயற்சிக்குரிய பயன். ஆங்கிலத்திலோ கூலி என்பது மனிதன். இங்கு ஒலி ஏறக்குறைய மாறவில்லை, பொருளே தலைகீழாயிற்று. உழைப்பவனுக்கு உரியதாயிருந்த ஊதியம் அவனுக்கே பெயராயிற்று. அவனிடமிருந்து வாங்கப்பட்ட உழைப்புச் சக்திக்கு அப்பால் அவனுக்கு வேறு அடையாளம் வழங்கப்படவில்லை. இக்கரைக்கு வடக்கே மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்த தென்னிந்தியத் தொழிலாளர் இப்பெயராலேயே பதிவுசெய்யப்பட்டனர். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அவர்களை ‘இந்தியக் கூலிகள்’ என்றே சுட்டிற்று.

இதனினும் துயரமானது, அப்பொருள் தமிழுக்கே மீண்டமை. மலையகத் தொழிலாளரை இழித்துரைக்கத் தமிழரே அச்சொல்லைக் கையாண்டனர். ஆதிக்கத்தின் பார்வையை நம் சொந்தச் சொல்லிலேயே நாம் திரும்பப் பெற்றோம்.

ஆங்கில அகராதியிற் ‘தமிழ்’ என்ற குறிப்பைக் கண்டு பெருமிதங் கொள்வோர் பலர். அச்சொல்லைச் சுமந்து சென்றவர் யார், அதன் பொருளை நிருணயித்தவர் யார் என்று வினவுவதே சொல்லாய்வின் தலையாய கடன். அவ்வினாவைத் தவிர்க்கும் பெருமிதம், கயிற்றை மெச்சிக்கொண்டே திரித்த கைகளை மறக்கும் பெருமிதமாகும்.